21 நாள் பாடம்

முட்டையைப் பற்றி நம் வீரபாண்டிப் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மத்தியானச் சாப்பாட்டில் அது தட்டில் வந்து விழுகிறது. பல்லடம் பக்கம் போனால் கோழிப் பண்ணைக் கொட்டகைகளுக்குக் குறைவில்லை. ஆயினும், ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளிவருவதைக் கண்ணால் கண்டவர் யார் என்று வகுப்பில் கேட்டால் உயரும் கைகள் சொற்பமே. தாயும் தந்தையும் பனியன் கம்பெனிக்குப் புறப்படும் வீட்டில் அடைக்கோழிக்கு ஏது இடம்?

ஆகவே, வகுப்பறையிலேயே முட்டைகளைப் பொரிக்க வைத்துக் காட்டலாமே என்று உபாத்தியாயர்கள் சிலர் ஆசைப்படுவது நியாயந்தான். கைத்தொழிலோடு கல்வி இணைய வேண்டும் என்பதுதானே 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மகாநாட்டின் சாரம்? அதற்கு 2,000 வருஷங்களுக்கு முன்னரே, மூன்றாம் நாள் முட்டையில் இதயம் ஓர் இரத்தப் பொட்டாகத் துடிப்பதைக் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். இன்று முட்டையை உடைக்கவும் வேண்டியதில்லை. ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கின்மேல் வைத்துப் பார்த்தால், சிலந்தி வலைபோல் இரத்தக் குழாய்கள் தெரியும்.

ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கூண்டுப் பண்ணைகளில் சேவல் இல்லாமையால், கடையில் வாங்கும் அந்த முட்டை பொரிக்காது. சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டையே வேண்டும். பொரிப்பெட்டியில் உஷ்ணம் ஏறத்தாழ 37.5 டிகிரி நிற்க வேண்டும். 18-ஆம் நாள் வரையில் தினம் பல முறை முட்டையைத் திருப்பி வைக்க வேண்டும். பிறகு திருப்பலாகாது, ஈரம் மட்டும் கூட்ட வேண்டும். குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கியதும், இரக்கத்தால் ஓட்டைப் பிய்த்துவிடும் கைகளைத் தடுப்பதும் நம் கடமை. இரத்தக் குழாய்கள் வற்றுமுன் பிய்த்தால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவும் செவ்வனே நடந்தாலும், 22-ஆம் நாளன்று என்ன செய்வது? பத்துக் குஞ்சுகள் பொரித்தால் ஏறக்குறையப் பாதி சேவலாக இருக்கும். லைன் வீட்டு ஒற்றை அறையில் அவற்றை வளர்ப்பவர் யார்? சில வாரங்களுக்குச் சூடு வேண்டும். பூனைக்கும் பருந்துக்கும் காவல் வேண்டும். முட்டைத் தொழிலில் சேவற்குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடும் வழக்கம் பல தேசங்களில் உண்டு. ஜெர்மனி 2022 முதல் அதைத் தடை செய்தது. நாமோ பாடத்துக்காக உயிரை வரவழைத்துவிட்டு, பரீட்சை முடிந்தது என்று கை கழுவினால், பிள்ளைகள் கற்பது உயிர்நூலா, உதாசீனமா?

நம் அபிப்பிராயம் இதுதான்: குஞ்சுகளுக்கு வீடு நிச்சயமான பிறகே முட்டையை வையுங்கள். அதைவிட மேலானது, பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் கோழி அடையிலிருக்கும்போது, முதல் நாளும், ஏழாம் நாளும், 18-ஆம் நாளும், 21-ஆம் நாளும் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுவது. தாய்க்கோழிக்கு உஷ்ணமானியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். முட்டையைத் திருப்பவும் அதற்கே தெரியும். பொரிக்காத கூமுட்டையைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லலாம். குஞ்சுகளோ தாயின் சிறகடியிலேயே இருக்கும். பெற்றோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன் வந்தால், பாடம் வீட்டுக்கும் வந்து சேரும்.