வளர்ப்பு வீட்டில் புகை வேண்டாமே!

இல்லங்களில் இருக்கும் பிள்ளையை ஒரு குடும்பத்தில் கொஞ்ச காலம் வளர விடுவதுதான் 'ஃபாஸ்டர் கேர்' எனும் வளர்ப்புப் பராமரிப்பு. தத்தெடுப்பது வேறு, இது வேறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 44 இதற்கு வழி செய்கிறது. அம்பத்தூர் வீடு என்றால் சென்னை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். ஆவடி, பூந்தமல்லி என்றால் திருவள்ளூர் மாவட்டக் குழு. குடும்பத்தின் திறன், நோக்கம், வசதி, பிள்ளை வளர்த்த அனுபவம் எல்லாம் பார்க்கச் சொல்கிறது சட்டம். அந்தப் பிரிவில் சிகரெட் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது!

இதே சட்டத்தின் பிரிவு 77 என்ன சொல்கிறது தெரியுமா? குழந்தையின் கையில் பீடியோ சிகரெட்டோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். கையில் கொடுத்தால் சிறை. மூக்கு வழியாகத் தினமும் கொடுத்தால்? ஒன்றுமில்லை. பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. ஆனால் அது வீட்டு வாசலோடு நின்று விடுகிறது.

"அவரவர் வீடு, அவரவர் இஷ்டம்" என்பார்கள். சரிதான். ஆனால் அரசு தன் பொறுப்பில் உள்ள பிள்ளையை அனுப்பி, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாயும் தரும்போது, அது முழுக்க முழுக்க சொந்த விஷயமா?

அடுத்தவர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரல் 2006-லேயே சொல்லிவிட்டார். ஆஸ்துமா, காது சீழ், நெஞ்சுச் சளி எல்லாம் குழந்தைகளுக்குத்தான் அதிகம். "ஜன்னல் ஓரமாத்தானே பிடிக்கிறேன்" என்பதும் உதவாது. லைன் வீட்டில் ஜன்னலுக்கும் பாய்க்கும் எத்தனை அடி தூரம்? சட்டையிலும் தலையணையிலும் கூடப் புகை ஒட்டிக்கொள்ளும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சொந்தப் பிள்ளை "அப்பா, வெளிய போய் பிடிங்க" என்று சண்டை போடும். வளர வந்த பிள்ளை வாய் திறக்குமா? திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அதற்கு. இருமிக்கொண்டே சும்மா இருக்கும். ஒருவர் பிடிக்க, விலை கொடுப்பது இன்னொருவர்!

பிரிட்டனில் பல கவுன்சில்கள் புகைப்பவர் வீட்டுக்கு 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளை அனுப்புவதில்லை. இங்கே அப்படியே தடை போட்டால், முன்வரும் கொஞ்சம் குடும்பங்களும் குறைந்துவிடும்; எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து வரும் நல்ல மனிதரைக்கூட இழக்க நேரிடும். அதனால் ஆளைத் தள்ள வேண்டாம், புகையைத் தள்ளினால் போதும். வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் புகைப்பதில்லை என்று எழுதி வாங்கட்டும். மாதம் ஒருமுறை குழு வீட்டைப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்போது இதையும், பிள்ளையைத் தனியாகக் கேட்டுப் பார்க்கட்டும். விட நினைப்பவருக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

வீடு கொடுப்பது பெரிய மனசு. அந்த மனசோடு நல்ல காற்றையும் சேர்த்துக் கொடுக்கலாமே?