பூட்டுப் படம் இருந்தால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "ஆன்லைன் காசினோவில் பணம் கட்டலாமா? அட்ரஸ் பாரில் பூட்டுப் படம் தெரிகிறதே!" அந்தப் பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான். உங்கள் பிரவுசருக்கும் அந்தத் தளத்திற்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்வதில்லை. மோசடித் தளமும் அந்தச் சான்றிதழைச் சில நிமிடங்களில் இலவசமாகவே வாங்கிவிடலாம். மக்கள் இப்படித் தவறாகப் புரிந்துகொள்வதால்தான் 2023இல் குரோம் பிரவுசரில் பூட்டை எடுத்துவிட்டு வேறு படம் வைத்தார்கள்.

என்னைக் கேட்டால், பணம் கட்டும்போது இருப்பதைவிடப் பணத்தை எடுக்கும்போதுதான் ஆபத்து அதிகம். போலித் தளத்தில் 500 ரூபாய் கட்டினால் திரையில் 50,000 என்று காட்டும். அந்த எண்ணைக் காட்டுவது எங்களைப் போன்ற புரோகிராமர்களுக்கு ஒரு வரி வேலை. பின்னால் பணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை! பணத்தை எடுக்கும் பட்டனைக் கிளிக் செய்ததும், "வரி கட்டுங்கள், பிராசஸிங் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். இந்தியாவில் 2023 ஏப்ரலில் ஆன்லைன் விளையாட்டு வெற்றித் தொகைக்கு 30 சதவீத வரிப்பிடித்தம் வந்தது. அது வெற்றித் தொகையிலிருந்தே பிடிக்கப்பட வேண்டியது. தனியாகக் கட்டச் சொன்னால் ஏமாற்றுதான். யூ.பி.ஐ.யில் பணம் பெறவும் பின் நம்பர் தேவையில்லை. அதைப் போடச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.

சரி, பணம் உண்மையாகவே வந்துவிட்டால்? அப்போதும் நிம்மதி இல்லை. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பல தளங்கள் யார் யாரோ பெயரில் உள்ள வாடகைக் கணக்குகள் வழியாகப் பணத்தைச் சுற்றவிடுகின்றன. எங்கோ ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணம் உங்களுக்கு வந்து சேர்ந்திருந்தால், அவர் புகார் கொடுத்ததும் உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். அதிலிருக்கும் சம்பளமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

எனவே "எந்தக் காசினோ நல்லது?" என்பவர்களுக்கு என் பதில், எதுவும் வேண்டாம். ஒழுக்கம் பற்றிப் பேச நான் வரவில்லை. பிரிட்டனில் உரிமம் கொடுக்கச் சூதாட்ட ஆணையம் இருக்கிறது. அங்கேயே 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டில் சூதாடத் தடை விதித்தார்கள். இங்கோ 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆன்லைனில் சூதாடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் வங்கிகள் இவற்றுக்குப் பணப் பரிமாற்றம் செய்வதையும் தடுக்கிறது. தளம் பணம் தராவிட்டால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

ஏமாந்து பணம் போயிருந்தால், வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. பரிமாற்ற எண், யூ.பி.ஐ. முகவரி, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருக்கட்டும். சில நாள் கழித்து, "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கொஞ்சம் கட்டணம் மட்டும்" என்று ஒருவர் கூப்பிடக்கூடும். பெரும்பாலும் அவரும் அதே கூட்டம்தான்.