பேசாத மனிதருக்குப் பிரியாவிடை

சென்ற வெள்ளியன்று எங்கள் கல்லூரியில் ஒரு பிரியாவிடை வைபவம் நிகழ்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலுவலகத்தில் பணிபுரிந்த இலிகிதர் ஓய்வு பெற்றார். மாலையிட்டோம், பொன்னாடை போர்த்தினோம், அதிபர் முதல் மாணவர் தலைவன் வரை அனைவரும் பேசினோம். பதிலுரைக்க எழுந்த அவரோ, "எல்லாருக்கும் நன்றி" என்று கூறி அமர்ந்துவிட்டார். அன்று மாலை என்னுடன் பேருந்தில் சீனன்குடாவுக்குத் திரும்பிய உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், பாராளுமன்றத்திலும் இலிகிதர் உண்டா? அவருக்கும் மாலை போடுவார்களா?" என்று வினவினான்.

உண்டு. சபாநாயகரின் ஆசனத்துக்கு முன்னுள்ள மேசையில் அவர் அமர்ந்திருப்பார். முன்னாளில் அவர் பதவிக்கு ஆங்கிலத்தில் ‘கிளார்க்’ என்பதே பெயர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அவரைச் செயலாளர் நாயகம் ஆக்கிற்று. விவாதத்தில் ஒரு சொல்லும் பேச அவருக்கு உரிமையில்லை. ஆனால் மரபு யாது, விதி யாது என்று சபாநாயகர் திரும்பிக் கேட்பது அவரிடந்தான்.

இந்நாட்டில் அப்பதவியை 1964 முதல் 1981 வரை வகித்தவர் சாம் விஜேசிங்க. அவர் பொறுப்பேற்ற ஆண்டின் டிசம்பரிலேயே அரசாங்கம் 73க்கு 74 என ஒரே வாக்கினால் தோற்றது! அத்தகைய நாளில் வாக்குகளைக் கணக்கிடும் மேசையில் இருப்போரின் நெஞ்சு எவ்வாறு துடித்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். பின்னர் 1965, 1970, 1977 எனத் தேர்தல்தோறும் ஆட்சி மாறிற்று. சபையின் பெயருங்கூட மாறிற்று: பிரதிநிதிகள் சபை 1972இல் தேசிய அரசுப் பேரவையாகி, 1978இல் பாராளுமன்றமாயிற்று. மேசையில் இருந்தவர் மட்டும் மாறவில்லை. சிறிமாவோ, டட்லி, ஜே. ஆர். ஆகிய மூவரின் ஆட்சிகளும் ஒருவரையே அங்கு வைத்திருந்தன என்பதினும் சிறந்த நற்சான்றிதழை நான் அறியேன்.

எண்ணிப் பார்த்தால், வாக்கெடுப்பில் வெல்லும் பக்கத்தாருக்கு இவருடைய நடுநிலை அத்துணை அவசியமன்று. எண்ணிக்கையே அவர்களுக்குப் போதும். தோற்பவர்களுக்கோ, தாம் கூறியது கூறியவாறே பதிவாவதுதான் எஞ்சும் உடைமை. 1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் 56க்கு 29 என்ற வாக்குகளால் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. எதிர்த்த இருபத்தொன்பது பேரும் கூறியவை ஹன்சாட்டில் இருக்கின்றன. அவர்களுள் தமிழர் மட்டுமல்லர், இடதுசாரிச் சிங்கள உறுப்பினரும் இருந்தனர் என்பதை நம் மாணவர் பலர் அறியார். செவிவழிக் கதையில் இது தேய்ந்து போகும், ஏட்டில் தேயாது.

மாலைக்கு வருவோம். பிரித்தானியாவில் செயலாளர் ஓய்வு பெறுகையில் காமன்ஸ் சபையே நன்றித் தீர்மானம் நிறைவேற்றுவது மரபு. காலமெல்லாம் பேசாதிருந்தவரைப் பற்றி, பேச்சையே தொழிலாகக் கொண்டவர்கள் அன்று பேசுவார்கள். பாராளுமன்ற நடைமுறை நூலால் புகழ்பெற்ற எர்ஸ்கின் மே, 1831இல் பதினாறாம் வயதில் நூலக உதவியாளராகப் புகுந்து 1886 வரை பணிபுரிந்தார். ஓய்வின்போது பிரபுப் பட்டம் கிடைத்தது. ஒரு வாரத்தில் இறந்து போனார். நம்மவர்கள் ஓய்வூதியப் பத்திரம் வந்து சேருமுன் இறப்பதைக் கண்டிருக்கிறேன். பட்டத்துக்கும் அதே கதி போலும்.

சாம் விஜேசிங்கவுக்குக் கிடைத்த மாலை வேறு விதமானது. ஓய்வு பெற்ற ஆண்டிலேயே இலங்கையின் முதலாவது ஒம்புட்ஸ்மனாக நியமிக்கப்பெற்றார். அரச அலுவலகங்களில் நீதி கிடைக்காத எளிய மக்களின் முறைப்பாடுகளைக் கேட்கும் பதவி அது. அதில் பத்தாண்டு இருந்தார், 2014இல் காலமானார்.

இவ்வளவையும் கேட்ட மாணவன், 1956ஆம் ஆண்டு ஹன்சாட்டை எங்கே பார்க்கலாம் என்றான். திருகோணமலையில் பொது நூலகத்தில் முதலில் விசாரிக்கும்படி கூறியிருக்கிறேன்.