முற்பணத்துக்குப் பாதுகாப்பு எங்கே?

புதிய தொழில்நுட்பப் பொருளொன்று கடைக்கு வந்து சேர்வதற்கு முன்னரே அதற்கான பணத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ பெற்றுக்கொள்ளும் முன்பதிவு முறை இன்று எமது நாட்டிலும் வேரூன்றிவிட்டது. எனினும், அப்பொருள் உரிய காலத்தில் வந்து சேராவிடின் அதன் இழப்பைச் சுமப்பவர் யார் என்ற கேள்விக்கு இன்றுவரை தெளிவான விடை இல்லை.

2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டதும், சீனாவின் பி.வை.டி. நிறுவனத்தின் மின்சாரக் கார்களுக்குப் பலரும் முற்பணம் செலுத்தினர். ஆனால், மின்மோட்டாரின் வலு தொடர்பில் எழுந்த சர்ச்சையால் ஆயிரத்துக்கு அண்மித்த கார்களைச் சுங்கத் திணைக்களம் தடுத்து வைத்தது. விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, அவ்வாண்டு ஆகஸ்டில் வங்கி உத்தரவாதத்தின் பேரில் அவற்றை விடுவிக்க இணக்கம் காணப்பட்டது.

இச்சர்ச்சையில் எத்தரப்பின் பக்கம் நியாயம் உள்ளது எனத் தீர்ப்பளிப்பது எமது நோக்கமல்ல. வரியை அறவிடுவது சுங்கத்தின் கடமை. தனது நிலைப்பாட்டை நீதிமன்றில் முன்வைப்பது இறக்குமதியாளரின் உரிமை. ஆனால், இவ்விரண்டிலும் பங்கில்லாத வாடிக்கையாளரே, பணத்தையும் கொடுத்துவிட்டுக் கைபிசைந்து நிற்க நேர்ந்தது. கடன்பட்டு முற்பணம் செலுத்துபவரின் நிலை இன்னும் பரிதாபகரமானது. பொருள் தாமதித்தாலும் வட்டி தாமதிப்பதில்லை.

அயல்நாடான இந்தியாவின் அனுபவமும் கவனத்திற்குரியது. செய்மதி இணையச் சேவையான ஸ்டார்லிங்க், அனுமதிப்பத்திரம் பெறுமுன்னரே 2021இல் அங்கு 99 டொலர் வீதம் முன்பதிவுகளை ஏற்றது. ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்தனர். அச்சேவையில் இணைய வேண்டாமென அவ்வாண்டு நவம்பரில் அரசு பொதுமக்களை எச்சரித்தது. அரசின் பணிப்பின்படி 2022 ஜனவரியில் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக நிறுவனம் அறிவித்தது. அரசு உரிய வேளையில் தலையிட்டால் முற்பணம் மீளக் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

எமது சட்டங்களின் நிலை என்ன? விநியோகத் திகதி குறிக்கப்படாவிடின், அனுப்பப் பொறுப்பேற்ற பொருளை விற்பனையாளர் நியாயமான காலத்துக்குள் அனுப்ப வேண்டும் என்கிறது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். நியாயமான காலம் எத்தனை நாள் என்பதை வழக்காடித்தான் அறிய வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமோ, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடுமாறு கோருகிறது. பொருளே ஆறு மாதம் கழித்து வருமெனில், அந்த மூன்று மாதங்களை எந்த நாளிலிருந்து எண்ணுவது? அமெரிக்காவிலோ, திகதி குறிப்பிடாமல் தபால்வழி விற்கும் பொருளை 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும், தாமதிப்பின் பணத்தை மீளப் பெறும் வாய்ப்பை வாடிக்கையாளருக்கு வழங்க வேண்டும் என்ற விதி 1975இலேயே இயற்றப்பட்டது. பின்னர் அது இணையவழி விற்பனைக்கும் விரிவாக்கப்பட்டது.

இது தலைநகரின் வசதி படைத்தோரின் பிரச்சினை மட்டுமே எனக் கருதிவிடலாகாது. கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி வாழும் நானாட்டான் விவசாயிக்குப் பெரும்போக அறுவடையின் பின்னரே கையில் காசு புரளும். அக்காசில் மின்சார மோட்டார் சைக்கிளுக்கோ, 2025 ஜூலை முதல் இலங்கையிலும் கிடைக்கும் செய்மதி இணையக் கருவிக்கோ முற்பணம் கட்டினால், அது முடங்குவது அடுத்த போகத்தின் விதைநெல்லும் உரமும் முடங்குவதற்கு ஒப்பாகும். கொழும்புக்குச் சென்று நியாயம் கேட்பதற்கான போக்குவரத்துச் செலவும் கூலி இழப்பும் வேறு.

எனவே, முன்பதிவுப் பற்றுச்சீட்டில் விநியோகத் திகதி கட்டாயமாகக் குறிக்கப்பட வேண்டும். அத்திகதி தவறினால், காரணம் எதுவாயினும், வாடிக்கையாளர் கோரிய உடனேயே முற்பணம் முழுமையாகத் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். முறைப்பாட்டுக்கான மூன்று மாதங்கள் பொருள் கைக்கு வர வேண்டிய நாளிலிருந்தே கணிக்கப்பட வேண்டும். நானாட்டான் போன்ற பிரதேச செயலகங்களிலேயே முறைப்பாடுகளைக் கையளிக்கவும் வழிசெய்யப்பட வேண்டும். அதுவரை, திகதி எழுதப்படாத பற்றுச்சீட்டுக்குப் பணம் கொடுக்காதிருப்பதே மக்களுக்குள்ள ஒரே பாதுகாப்பாகும்.