எட்டாம் பருவத்துக்குப் பெயரில்லை

உலா இலக்கியம் பெண்ணுக்கு ஏழு பருவம் வகுத்தது. பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடியும் அக்கணக்கு 40 வயதோடு நின்றுவிடுகிறது. தலைவன் பவனி வரக் கண்டு காமுறுவதற்குரிய வயது அவ்வளவே என்று பாட்டியலார் கருதினர் போலும். அதற்கு மேற்பட்டவள் நற்றாயாகவோ செவிலியாகவோ வந்து, உடன்போக்கில் சென்ற மகளுக்காக அழுவாள். அவள் உடலில் என்ன நிகழ்கிறது என்று கேட்டவர் யார்?

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 45ஐ ஒட்டிய ஆண்டுகளில். பெயர் தீர்ந்துபோன இடத்தில்.

‘இந்த வயதில் அப்படித்தான்’ என்பது வீடுதோறும் வழங்கப்படும் தீர்ப்பு. நாம் வழக்காட வந்திருப்பது இத்தீர்ப்போடுதான். இதற்கு முத்திரை குத்திக் கொடுத்த மருத்துவர்களும் உண்டு. 1968இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் இவ்வயதுக்கென்றே தனி மனச்சோர்வு நோய் ஒன்று இருந்தது. 1980ஆம் ஆண்டுப் பட்டியலில் அதைக் காணோம். 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் நூலெழுதி, மாதவிடாய் நிற்பதையே குறைபாட்டு நோயாக்கினார். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமோகமாக விற்றது. 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றில் மார்பகப் புற்றுநோய் அபாயம் தென்பட்டு ஒரு பிரிவு நிறுத்தப்பட்டதும், மருந்தே நஞ்சென்று எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓடினர். ஆய்வில் சேர்ந்தோரின் சராசரி வயது 63 என்பதை எத்தனை பேர் கவனித்தனர்?

உடலை மறுப்போர் அல்லர் நாம். ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவது மெய். நள்ளிரவில் உடல் தகித்து வியர்வையில் நனைந்து விழிப்பதும் மெய். நாள்தோறும் உறக்கங்கெட்டால் எவர்க்கும் சினம் வரும். மனச்சோர்வுக்கான வாய்ப்பு அக்காலத்தில் கூடுகிறது என்பதையும் ஏற்கிறோம். ஆனால் அதே ஆண்டுகளில்தான் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, மாமியார் படுத்த படுக்கை, கணவருக்குச் சர்க்கரை. அத்தனையையும் ஒருத்தி சுமக்கையில் வாயடைத்திருந்தவர்கள், அவள் குரல் உயர்ந்தவுடன் ஹார்மோன் என்பது எவ்வகை நியாயம்? அவளைக் கோயிலுக்கு அனுப்பி வைப்பதை விட, மாமியாருக்குக் கஞ்சி ஊட்டும் வேலையை மகன் ஏற்பது நன்று. (கோயிலுக்கு அவனும் போகலாம், தடையில்லை.) பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி, இக்கால மனத்தளர்ச்சிக்கு ஹார்மோன் சிகிச்சையோடு பேச்சுவழி உளச்சிகிச்சையையும் பரிசீலிக்கச் சொன்னது. நம்மூரில் அவள் பேச, கேட்கும் செவி எங்கே?

எழுத்துலக அன்பர்களையும் விடுவதற்கில்லை. பூப்புக்குத் தெருவடைத்துப் பந்தலிடும் சமூகம் இது. அப்பூப்பைப் பாடிய பேனாக்களும் ஏராளம். மாதவிடாய் நின்ற பெண், மகளுக்காகவோ மருமகளுக்காகவோ அன்றித் தன் உடலையும் உள்ளத்தையும் பற்றித் தானே பேசும் தமிழ்ச் சிறுகதைகள் எத்தனை? அறிந்தோர் பெயர் சொல்லுக. நாம் தேடிப் படிக்கக் காத்திருக்கிறோம்.