நாலும் இரண்டும் நாற்பத்திரண்டு



"கணனி படிச்சு முடிச்ச பிள்ளைக்கு இன்னும் என்ன படிப்பு மிஸ்?" என்று சென்ற மாதக் கூட்டத்தில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். தன் மகளைப் பற்றித்தான் கேட்டார். மகள் இணையத்தளங்களுக்கு நிரல் எழுதப் பழகியவள். நான்கு வருடமாக அந்த வேலையில்தான் வீடு நடக்கிறது. உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சிறிய அறையில் மூன்று பெண்கள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். இப்போது அவள் இரவில் மறுபடியும் கொப்பியும் பேனையுமாக இருக்கிறாளாம். பிள்ளைக்கு வேலை சரியாகத் தெரியாது என்று சொல்லிவிடுவார்களோ என்று தாய்க்குப் பயம். 2006இல் சம்பூரை விட்டு வெளிக்கிட்டு, கிளிவெட்டி முகாமில் இருந்துகொண்டு பிள்ளையைப் படிப்பித்தவர் அவர். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல.

நான் சமூகவியல் படித்தவள். கணனியில் கடிதம் அடிப்பேன், கணக்குத் தாள் போடுவேன், அவ்வளவுதான். ஆகவே மகளிடமே போய்க் கேட்டேன். அவள் சொன்னதில் எனக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

இணையத்தில் ஒரு படிவம் நிரப்பும்போது வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, எங்கோ தூரத்தில் இருக்கும் வழங்கிக் கணனி. மற்றது, நம் கையிலுள்ள தொலைபேசியின் உலாவி. இவள் படித்த பீஎச்பி என்ற நிரல்மொழி வழங்கியில் ஓடுவது. நாம் பொத்தானை அமத்தினால் படிவம் அங்கே போகும், அங்கே சரிபார்க்கப்படும், பிழை இருந்தால் திரும்பி வரும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை பாதையில் ஏறிக் கச்சேரிக்குப் போய், "அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்று குறையுது, நாளைக்கு வாங்கோ" என்று கேட்டுத் திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதே அலைச்சல்தான். இங்கே பஸ் காசுக்குப் பதிலாகத் தொலைபேசியின் டேற்றா செலவாகிறது.

வழங்கிப் பக்க வேலையைக் குறைவாக நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின், காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள் ஆகிய விபரங்களை ஒரே இடத்தில் பதிவதற்கு இலங்கைக் கணனித் தொண்டர்கள் ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் "சகன" என்பது அதன் பெயர். அதுவும் பீஎச்பியில் எழுதப்பட்டதுதான். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது உதவியது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நல விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

உலாவிக்குள் ஓடும் மொழி ஜாவாஸ்கிறிப்ட். 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிறென்டன் ஐக் என்பவர் பத்து நாட்களில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். பீஎச்பி வெளிவந்ததும் அதே 1995இல்தான். இரண்டும் ஒரே வயதுப் பிள்ளைகள், குணம் மட்டும் வேறு.

முதல் வாரத்திலேயே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. பிள்ளைகள் நாலு, பெரியவர்கள் இரண்டு என்று இரண்டு பெட்டிகள். குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர் என்று கூட்டிக் காட்ட வேண்டும். "அக்கா, பீஎச்பியில ஆறு எண்டு வரும். இதில நாற்பத்திரண்டு எண்டு வந்து நிக்குது!" என்று சிரித்தாள். பெட்டியில் நாம் எழுதுவதை ஜாவாஸ்கிறிப்ட் எண்ணாக எடுப்பதில்லை, எழுத்தாக எடுக்கிறது. கூட்டல் குறியைக் கண்டால் இரண்டு எழுத்துகளையும் ஒட்டிவிடும். பீஎச்பியில் ஒட்டுவதற்குப் புள்ளி, கூட்டுவதற்குக் கூட்டல் குறி. இங்கே இரண்டுக்கும் ஒரே குறி. முதலில் எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டுமாம். ஒரு நிவாரணப் பட்டியலில் இப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது.

பிழை வந்தாலும் ஜாவாஸ்கிறிப்ட் சத்தம் போடாது. பக்கம் பேசாமல் நிற்கும். கணனியின் உலாவியில் எஃப்12 விசையை அமத்திப் பார்த்தால்தான் என்ன பிழை என்று சிவப்பில் தெரியும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு கிழமை பிடித்தது. வகுப்பில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடையாள அட்டை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 சேர்ப்பார்கள். ஜனவரி முதலாம் திகதி பிறந்த பெண்ணுக்கு 501. 2016இலிருந்து வந்த புதிய அட்டையில் வருடம் நான்கு இலக்கமாகி, மொத்தம் பன்னிரண்டு. இலக்கத்தை அடித்தவுடன் பிறந்த திகதி தொலைபேசியிலேயே தெரிய வேண்டும், பிழை இருந்தால் அனுப்பும் முன்பே சொல்ல வேண்டும் என்று எழுதினாள். தாயின் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தால் ஒரு நாள் பிந்திக் காட்டியது. "பெத்தவளின்ர பிறந்த நாளையே மாத்திப்போட்டாள்" என்று அம்மா கோபித்தாராம். அட்டைக் கணக்கில் எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள்! அது தெரியாமல் 28 என்று கணக்கிட்டிருக்கிறாள். போதாததற்கு ஜாவாஸ்கிறிப்ட்டில் ஜனவரி முதலாம் மாதமல்ல, பூச்சியமாவது மாதம்.

தொலைபேசியில் சரிபார்த்தது போதும் என்று வழங்கியில் சரிபார்ப்பதை விடக்கூடாது என்றும் சொன்னாள். தெரிந்த ஒருவர் உலாவியின் நிரலை நிறுத்திவிட்டு எதையும் அனுப்பலாமாம்.

இனி, நான் இதை எழுதுவதற்கான காரணம். ஒரு பெண்கள் சேமிப்புக் குழுவுக்காக அங்கத்தவர்களைத் தேடும் பக்கம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். ஈச்சிலம்பற்றுப் பக்கம் சிக்னல் குறைவு. ஒவ்வொரு தேடலுக்கும் வழங்கிக்குப் போய் வந்தால் சுணங்கும் என்று, முழுப் பட்டியலையும் பக்கத்தோடு அனுப்பி, உலாவியிலேயே தேட வைத்தாள். மின்னல் வேகம். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தாள். எல்லோருடைய பெயரும் கிராமமும், "கணவர் காணாமற்போனவர்" என்ற குறிப்பும் அப்படியே கிடந்தன. உலாவிக்கு அனுப்பிய எதையும் யாரும் பார்க்கலாம். வழங்கியில் வேலை செய்து பழகியவளுக்கு அது நினைவிலேயே வரவில்லை. அங்கே உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். நல்லவேளை, பக்கம் இன்னும் வெளியே போகவில்லை. "அண்டைக்கு ராத்திரி நித்திரை இல்லையக்கா" என்றாள்.

வீடுகளில் தனியாக இருக்கும் பெண்களின் பட்டியல் யார் கைக்குப் போகக்கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தேடலை மறுபடி வழங்கிக்கு மாற்றினாள். கடவுச்சொல் கொடுத்தவருக்கு, கேட்ட ஒரு பெயர் மட்டும் போகும். பக்கத்தை முழுவதும் புதிதாக்காமல் அந்தச் சிறு துண்டை மட்டும் பின்னால் போய் எடுத்து வரும் வழியும் ஜாவாஸ்கிறிப்ட்டில் இருக்கிறது. 2005இலிருந்து அதை அஜாக்ஸ் என்று அழைக்கிறார்கள். பீஎச்பி அடுத்த வரிக்குப் போகாமல் பதிலுக்குக் காத்து நிற்கும். இது கடிதத்தைப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கும். அந்தப் பழக்கம் வரத்தான் அவளுக்கு அதிக நாள் எடுத்தது.

இன்னொன்றை நான்தான் அவளிடம் கேட்டேன். பாதி நிரப்பிய படிவத்தைத் தொலைபேசியிலேயே சேமித்து வைக்கும் வசதி நல்லதுதான். ஆனால் நம் வீடுகளில் ஒரு தொலைபேசி எத்தனை பேர் கையில்? கணவனின் அடிக்கு எதிராக முறைப்பாடு எழுதத் தொடங்கிய பெண்ணின் பாதிக் கடிதம் அதிலேயே கிடந்தால்? யாராவது அழிக்கும் வரை அது இருக்கும் என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தப் படிவத்தில் மட்டும் சேமிப்பை எடுத்துவிட்டாள். நீங்களும் பொதுத் தொலைபேசியில் எழுதினால் உலாவியின் தரவுகளை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப சம்பளம் கூடுமோ?" என்று கேட்டார். உலாவிப் பக்க வேலையை இதுவரை கொழும்பில் ஒருவருக்குக் காசு கொடுத்துத்தான் செய்விக்கிறார்கள். இவள் பழகிவிட்டால் அந்தக் காசு மூன்று பேருக்கும் மிஞ்சும். அதைக் கேட்ட பிறகுதான் அம்மாவின் முகம் தெளிந்தது.

இந்தக் கிழமை பெயர் எழுதும் பெட்டியில் நிற்கிறாள். திருகோணமலை என்ற சொல்லில் நமக்கு ஆறு எழுத்து. ஜாவாஸ்கிறிப்ட் அதைப் பத்து என்று எண்ணுகிறது, பீஎச்பியின் சாதாரண எண்ணிக்கையில் முப்பது. இருபதுக்கு மேல் வேண்டாம் என்று யாரோ எப்போதோ வைத்த எல்லையால், நீளமான தமிழ்ப் பெயர்களெல்லாம் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கின்றன. அந்தப் பெயர்களை முழுதாக்க, பழைய கொப்பிப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறார்கள் மூன்று பேரும்.