ஊசிக்கு ஏது கட்சி?



வரி, உரிமக் கட்டணம், எடைக்கல் முத்திரை, ஆன்லைன் வணிகம் என்று எழுத வேண்டிய பிரச்சினைகள் ஆயிரம் இருக்க, தடுப்பூசியைப் பற்றி நமது ஏட்டில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நோய் வந்து ஊர் முடங்கினால் முதல் அடி விழுவது நம் கல்லாப்பெட்டியில்தான். 2021 மே 24 முதல் தளர்வில்லாத முழு ஊரடங்கு என்று சொல்லி மளிகைக் கடைகளையும் மூடச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, வண்டியில் வைத்துத் தெருத்தெருவாக விற்கலாம் என்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள் தள்ளுவண்டிக்கு அலைந்தார்கள். அந்த நாட்களை நாம் மறந்துவிட முடியாது.

அந்த நாட்களுக்குச் சற்று முன்னால் நாம் செய்த ஒரு தவறும் நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மண்டிக்குச் சரக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்கிறோம். உள்ளங்கையில் பரப்பி ஈரம் இருக்கிறதா, கல் இருக்கிறதா, வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். அதன் பிறகுதான் விலை பேசுகிறோம். சரக்கை அனுப்பியவர் எந்தக் கட்சி, எந்தக் கொடி என்று எந்த வியாபாரியும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டு வாங்குகிறவர் ஆறு மாதத்தில் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். துவரம்பருப்பில் இவ்வளவு நிதானமாக இருக்கும் நாம், உயிர் காக்கும் மருந்தில் மட்டும் கொடியைப் பார்த்தோம்.

2021 ஜனவரி 3 அன்று கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் மத்திய அரசு அவசரகால அனுமதி அளித்தது. கோவாக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு அன்றைக்கு வெளிவந்திருக்கவில்லை. அதைக் கேட்டவர்களை நாட்டின் விஞ்ஞானிகளை அவமதிப்பவர்கள் என்று ஆளுங்கட்சியினர் ஏசினார்கள். அதற்கு முந்தைய நாளே உத்தரப் பிரதேசத்தின் முன்னாள் முதல்வர் அகிலேஷ் யாதவ், இது பா.ஜ.க.வின் தடுப்பூசி, நான் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். ஜூன் மாதம் அவரே, பா.ஜ.க. தடுப்பூசியைத்தான் எதிர்த்தோம், இந்திய அரசின் தடுப்பூசியை வரவேற்கிறோம் என்றார். ஜனவரியில் இருந்த மருந்துதான் ஜூனிலும் இருந்தது. மாறியது பெயர்ப்பலகை மட்டுமே.

போதாக்குறைக்குச் சான்றிதழில் பிரதமர் படம். அதற்குப் பதிலடியாகச் சத்தீஸ்கர், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களில் முதலமைச்சர் படம். சர்க்கரைச் சிப்பத்தில் ஆலைக்காரர் தம் படத்தை அச்சடித்தால் சர்க்கரை இனிப்பு கூடுமா, குறையுமா? ஆனால் அந்தப் படம் பிடிக்காதவர் சிப்பத்தைத் தொட யோசிப்பார். அதுதான் நடந்தது.

இனி நம் கதைக்கு வருகிறோம். 2021 மார்ச் 1 முதல் 60 வயது கடந்தவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் 45 வயது கடந்த அனைவருக்கும் ஊசி போடத் தொடங்கினார்கள். அப்போது சட்டமன்றத் தேர்தல் சூடு. நாம் அனுதாபியாக இருக்கும் கட்சியின் நண்பர்கள் மாலையில் மண்டிக்கு வந்து உட்கார்ந்து, அவசரக் கோலத்தில் கொண்டு வந்த மருந்து, அரசியல் லாபத்துக்காக நம் தலையில் கட்டுகிறார்கள் என்று பேசுவார்கள். நாமும் அதையே வருவோர் போவோரிடம் சொன்னோம். நம்மிடம் இருபது ஆண்டுகளாக எடை போட்டு வந்த தொழிலாளி ஒருவர் ஒரு நாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "முதலாளி, எனக்கும் வயசு வந்துருச்சு. ஊசி போட்டுக்கிடலாமா?" என்று கேட்டார். "இப்ப என்னய்யா அவசரம்? தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்" என்றோம். அவர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்து நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெளியூரில் இருக்கும் நம் மகன் தொலைபேசியில் சண்டை பிடித்ததால், ஏப்ரல் முதல் வாரத்தில் தனியார் மருத்துவமனையில் 250 ரூபாய் கட்டி நாம் ஊசி போட்டுக்கொண்டோம். பஜாரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது கௌரவக் குறைவாகத் தோன்றியது. ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் காலமானார். இரண்டு நாள் முன்பு அவர் ஊசி போட்டுக்கொண்டதால் ஊரெல்லாம் பீதி பரவியது. அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு முடிவு சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. எங்கள் எடைக்காரர் அதுவரை காத்திருக்கவில்லை. மே மாதக் கடைசியில், ஆக்சிஜன் படுக்கைக்காக இரண்டு நாள் அலைந்து, இறந்து போனார்.

ஊசி போட்டிருந்தால் அவர் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்ல முடியாது. போட்டவர்களிலும் சிலர் இறந்தார்கள். ஆனால் பிழைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். ஊரடங்கு தளர்ந்த பின் பணத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் நம்மைக் குறை சொல்லவில்லை. "முதலாளி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு அய்யா" என்றார். நம் பேரேட்டில் தீராத பற்று அது.

வெளிநாட்டிலும் இதே கதை

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் 2020இல் டிரம்ப் ஆட்சிதான் பெரும் பணம் கொட்டித் தடுப்பூசியை விரைவாகத் தயாரிக்கச் செய்தது. அந்த அக்டோபரில் துணை அதிபர் வேட்பாளராக இருந்த கமலா ஹாரிஸ், டாக்டர்கள் சொன்னால் முதல் ஆளாகப் போட்டுக்கொள்வேன், டிரம்ப் சொன்னால் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று விவாத மேடையில் சொன்னார். ஆட்சி மாறியது. உடனே சந்தேகமும் கட்சி மாறியது. 2021 அக்டோபரில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், ஊசி போடாத பெரியவர்களில் 100க்கு 60 பேர் டிரம்பின் குடியரசுக் கட்சிச் சார்பினர். அந்த டிசம்பரில், தாம் கூடுதல் தவணையும் போட்டுக்கொண்டதாக டிரம்ப் டல்லாஸ் கூட்டத்தில் சொன்னபோது, அவருடைய ஆதரவாளர்களில் சிலரே கூச்சலிட்டார்கள். சந்தேகத்தை வளர்த்துவிட்டால், பிறகு தலைவர் சொன்னாலும் அது கேட்பதில்லை.

கொரோனா ஊசியில் தொடங்கிய சந்தேகம் மற்ற ஊசிகளுக்கும் பரவியது. 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா தட்டம்மையை ஒழித்துவிட்டதாக அறிவித்திருந்தது. 2025இல் மேற்கு டெக்சாஸில் தொடங்கிய தட்டம்மை அந்த மாநிலத்தில் மட்டும் 762 பேரைத் தாக்கியது. ஊசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசிகளை நெடுங்காலம் சந்தேகித்து வந்த ராபர்ட் கென்னடி ஜூனியர் அவ்வாண்டு பிப்ரவரியில் சுகாதாரத் துறைப் பொறுப்பை ஏற்றார். ஜூனில், எந்த ஊசியை யாருக்குப் போடலாம் என்று ஆலோசனை கூறும் நிபுணர் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரே நாளில் நீக்கினார். கடையில் சண்டை என்றால் எடைக்கல்லைத் தூக்கித் தெருவில் எறிவதா?

செங்கல்பட்டுத் தராசு

சந்தேகப்படுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. சந்தேகப்படாத வியாபாரி நொடித்துப் போவார். சந்தேகம் தராசில் ஏற வேண்டும், அவ்வளவுதான். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை நாடு முழுதும் போடத் தொடங்கியபோது, 1955இல் ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் திட்டத்தை ஆதரித்தார். இருவரும் காங்கிரஸ்காரர்கள். இருவரும் பெரியவர்கள். யார் சொன்னது சரி?

மேடையில் அதற்கு விடை கிடைக்கவில்லை. 1968 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டு பெரிய பரிசோதனை நடந்தது. சிலருக்கு மெய்யான ஊசி, சிலருக்கு வெற்று ஊசி, பல ஆண்டு கண்காணிப்பு. 1979இல் வெளிவந்த முடிவு உலகையே திகைக்க வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை. அரசுக்கு அது கசப்பான முடிவுதான். ஆனாலும் மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள். அதே சமயம், கைக்குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளை அது தடுக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் தெரிந்திருப்பதால், பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறார்கள். எதிர்த்தவர் சொன்னதும் முழுச் சரியில்லை, ஆதரித்தவர் சொன்னதும் முழுச் சரியில்லை. தராசு சொன்னதுதான் சரி.

அதுபோல ஊசியில் உள்ள குறையையும் சொல்லிப் போட வேண்டும். கோவிஷீல்டு போட்டவர்களில் மிக அரிதாகச் சிலருக்கு இரத்தக் கட்டு வருவதை 2021 மே 17 அன்று நம் சுகாதார அமைச்சகமே அறிவித்தது. மொத்தம் 26 பேர், அதாவது 10 லட்சம் ஊசிக்கு 0.61. ஆனால் அது எத்தனை பேர் காதில் விழுந்தது? 2024 நாடாளுமன்றத் தேர்தல் நடுவில், இலண்டன் வழக்கு ஒன்றில் கம்பெனி இதை ஒப்புக்கொண்டது என்று செய்தி வந்தபோது, ஏதோ புதைத்து வைத்த இரகசியம் வெளிவந்தாற்போல் ஊர் பதறியது. எதிர்க்கட்சிகள் அதை மேடையில் ஏற்றின. மூட்டையில் சில சொத்தைக் கடலை இருக்கிறது என்று முன்பே உரக்கச் சொல்லி விற்றால் வாடிக்கையாளர் கோபிப்பதில்லை. மெல்ல முணுமுணுத்துவிட்டு விற்றால் நல்ல கடலையையும் நம்ப மாட்டார்.

நம் பங்கு

இழந்த நம்பிக்கையை மீட்க முடியுமா? முடியும். நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003இல் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தினார்கள். மேலை நாட்டுச் சதி என்று பேச்சு. மத்திய அரசோடு இருந்த அரசியல் பகையும் சேர்ந்துகொண்டது. பல நாடுகளுக்கு நோய் பரவியது. அடுத்த ஆண்டு, இஸ்லாமிய நாடான இந்தோனேசியாவிலிருந்து மருந்து வரவழைத்த பிறகுதான் மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்தை மறுத்த பகுதிகளில் பள்ளிவாசல் இமாம்களும் உள்ளூர்ப் பெரியவர்களும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடென்று சான்று பெற்றது. தெரிந்த முகம் சொன்னால் மக்கள் கேட்கிறார்கள்.

நம் கடைவாசலைவிடத் தெரிந்த முகம் எது? எல்லாக் கட்சிக்காரரும், எல்லா மதத்தாரும், எல்லாச் சாதியாரும் தினமும் வந்து நிற்கும் இடம் அது. எனவே நமது சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று: மருந்து, ஊசி விஷயத்தில் கட்சிப் பேச்சைக் கல்லாவில் உட்கார்ந்து பேச வேண்டாம். கேட்பவரிடம், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேளுங்கள் என்று சொன்னால் போதும். வாட்ஸ்அப்பில் வந்ததைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம். 2017இல் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்ட சமயம் இப்படி வந்த வதந்தியால் நம் மாநிலத்தில் எத்தனையோ பெற்றோர் பின்வாங்கியதை மறக்கக் கூடாது.

இரண்டு: சங்கக் கட்டிடத்தில் ஊசி முகாம் வைத்தால் எல்லாக் கட்சி உள்ளூர்ப் பிரமுகர்களையும் ஒரே வரிசையில் நிற்க வைக்க வேண்டும். மேடையும் வேண்டாம், பேனரும் வேண்டாம். 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் நடந்த மாபெரும் முகாமில் ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். இலக்கு 20 லட்சம்தான். பக்கத்து வீட்டுக்காரர் வரிசையில் நிற்பதைப் பார்த்தே பலர் வந்தார்கள்.

மூன்று: எந்த ஆட்சியானாலும், பரிசோதனை முடிவையும் பக்கவிளைவுக் கணக்கையும் பாமரருக்கும் புரியும் தமிழில் அச்சிட்டு முகாம் வாசலில் ஒட்ட வேண்டும். சான்றிதழில் எவர் படமும் கூடாது. பாதிக்கப்பட்டவர் உண்டென்றால் அவர் குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டும். இந்தக் கோரிக்கையைச் சங்கம் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும்.

நமக்கு ஒரு கட்சி இருக்கலாம். வாக்குச்சாவடியில் அதைக் காட்டுவோம். தராசுக்குக் கட்சி கிடையாது. எங்கள் மண்டித் தராசில் இப்போது வேறு ஒருவர் எடை போடுகிறார். ஊசி போடுவதைப் பற்றி அவர் நம்மிடம் கேட்டால், நாம் போட்டுக்கொண்டதை மறைக்காமல் முதலில் சொல்லிவிட்டு, டாக்டரிடம் நாமே அழைத்துப் போவோம்.

வளர்க வணிகர் ஒற்றுமை!